அந்த ஒரு ஊதலை வெட்டாதீர்கள்

நண்பர்களே, அந்தக் காலத்தில் ஒலியைப் பதிந்து வைத்த மெழுகு உருளையைக் கையில் எடுப்பதிலிருந்தே தொடங்குகிறேன். வெளிப்பக்கத்தைத் தொடக்கூடாது. இரண்டு விரல்களை உள்ளே நுழைத்து, மெல்ல அகட்டித் தூக்க வேண்டும். குளிர்ந்து கிடக்கும் பழைய மெழுகில் உள்ளங்கைச் சூடு பட்டாலே விரிசல் விழலாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரியும். பூஞ்சை. அது மெழுகைத் தின்ற இடத்தில் ஒலி போனது போனதுதான்.

உருளையில் ஊசி மேலும் கீழுமாக ஏறி இறங்கும். மெழுகில் கீறிய பள்ளத்தின் ஆழம்தான் ஒலி. அதனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அது கொஞ்சம் தேயும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபரும் விட்டாலி ஃபடேயெவும் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: ஊசியே வேண்டாம், பள்ளத்தை ஒளியால் அளந்து கணினியில் ஒலியாக்கலாம். உடைந்த உருளையைக்கூட இப்படிப் பேச வைக்க முடிகிறது.

சரி, ஒலி வந்துவிட்டது. எந்த வேகத்தில் ஓட்டுவது? எனக்கு இதுதான் பெரிய கேள்வி. விற்பனைக்கு வந்த உருளைகளில் நிமிடத்துக்கு 160 சுற்று என்பது 1902 வாக்கில்தான் நிலைத்தது. அதற்கு முன் ஒழுங்கே கிடையாது. ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவர்கள், இடம் மிச்சமாகட்டும் என்று வேகத்தைக் குறைத்தும் ஓட்டினார்கள். வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். இன்னும் கூடினால், முதியவர் பாடியது சிறுவன் பாடியதுபோல் கேட்கும்.

1900-இல் தொடங்கிய பெர்லின் ஃபோனோகிராம் ஆவணக் காப்பகத்தார் இதை அப்போதே உணர்ந்திருந்தார்கள். பதிவின் தொடக்கத்தில் ஒரு சுருதிக் குழலை, அதாவது குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்தை எழுப்பும் சிறு குழலை, ஊதச் சொன்னார்கள். அந்த ஸ்வரம் தெரிந்ததுதானே? அது சரியாக ஒலிக்கும் வேகமே பாட்டின் வேகம். 'முன்னால் ஏதோ சத்தம்' என்று அந்த ஊதலை வெட்டிவிட்டால், திறவுகோலையே தூக்கி எறிந்தது போல.

1890-இல் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பாசமகுவாடி பழங்குடி மக்களின் பாடல்களையும் கதைகளையும் உருளையில் பதித்தார். நூறாண்டுக்கு மேல் கழித்து, புதிதாக மீட்ட ஒலியை அந்த மொழிக்காரர்களே உட்கார்ந்து கேட்டு, சொல் சொல்லாக எழுதினார்கள். நமக்கு வெறும் கரகரப்பாகப் படும் இடத்தில் அவர்களுக்கு ஒரு சொல் கேட்கலாம். ஆகவே இரைச்சல் நீக்கும் மென்பொருளை ஓட்டுங்கள், தப்பில்லை; ஆனால் உருளையிலிருந்து முதலில் எடுத்த பிரதியில் மட்டும் கை வைக்காதீர்கள், கரகரப்போடு அப்படியே இருக்கட்டும்.