ஒரு போனில் எழுதியது இன்னொரு போனில் ஏன் தெரிவதில்லை?

அடுத்த கேள்வி. "வீட்டுக்கு வாங்க வேண்டியவற்றைக் குறித்துவைக்க ஒரு சிறிய வலைச்செயலி எழுதினேன். நான் சேர்ப்பது என் போனில் இருக்கிறது. மனைவியின் போனில் தெரியவில்லை. பெரிய டேட்டாபேஸ் வேண்டுமா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

நீங்கள் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் 'லோக்கல் ஸ்டோரேஜ்' என்ற சேமிப்பிடத்தில் சேமிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் போடுவது அந்த ஒரு பிரவுசரைத் தாண்டாது. அதே போனில் வேறு பிரவுசரில் திறந்தாலும் பட்டியல் காலியாகத்தான் இருக்கும். சஃபாரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த பிரவுசரைப் பயன்படுத்திக்கொண்டே உங்கள் தளத்தை மட்டும் 7 நாள் தொடாமல் விட்டால், இப்படிச் சேமித்ததை அது அழித்துவிடும். 2020 முதல் இப்படித்தான். எனவே பட்டியல் சர்வரில் ஓரிடத்தில் இருக்க வேண்டும். எல்லாப் போன்களும் அங்கிருந்தே படிக்க வேண்டும்.

அதற்குப் பெரிய டேட்டாபேஸ் வேண்டவே வேண்டாம். எஸ்க்யூலைட் (SQLite) என்ற சிறிய டேட்டாபேஸ் போதும். முழு டேட்டாபேஸும் ஒரே கோப்புதான். தனியாக எதையும் ஓடவிட வேண்டியதில்லை. ஒரு குடும்பத்தின் வேலை அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. பலர் முழுப் பட்டியலையும் ஒரே ஜேசானாக (JSON), அதாவது ஒரே உரைத் தொகுப்பாக, சேமிக்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் திறந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் சோப்பைச் சேர்த்துச் சேமிக்கிறீர்கள். உங்கள் மனைவி தம் போனில் இருக்கும் பழைய பட்டியலில் பேட்டரியை 'வாங்கியாயிற்று' என்று குறித்துச் சேமிக்கிறார். சோப்பு காணாமல் போய்விடும்! பிழைச்செய்தி எதுவும் வராது. இப்படி இரண்டு முறை நடந்தால் போதும், வீட்டில் யாரும் அந்தச் செயலியை நம்ப மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் டேட்டாபேஸ் அட்டவணையில் தனி வரிசை, தனி எண் கொடுங்கள். போனிலிருந்து சர்வருக்கு முழுப் பட்டியல் போகக் கூடாது. 'இதைச் சேர்', 'இந்த எண்ணுக்கு டிக் போடு' என்ற மாற்றம் மட்டும் போக வேண்டும்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 'செயலியின் இணைய முகவரி யாருக்கும் தெரியாது' என்பது பூட்டு ஆகாது. இன்று வாங்க வேண்டிய பொருள்கள், நாளை பிள்ளைகளின் மருத்துவக் குறிப்புகள் என்று இது வளரும். கடவுச்சொல்லும், போனுக்கும் சர்வருக்கும் இடையே போவதை மறையாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ்ஸும் (HTTPS) முதல் நாளே இருக்கட்டும். டேட்டாபேஸ் கோப்பைத் தினமும் வேறோர் இடத்திற்கு நகலெடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கோப்பை அப்படியே காப்பி செய்யாமல், எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

மாற்றி எழுதியதும் இரண்டு போன்களிலும் பட்டியலைத் திறந்துவைத்து, ஒரே நேரத்தில் ஆளுக்கொரு மாற்றம் செய்து பாருங்கள். இரண்டு மாற்றங்களும் அழியாமல் இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் கொடுக்கலாம்.