கொலஸ்ட்ரால் இறங்கினால் நல்லதுதானா?

நேயர்களுக்கு வணக்கம். ரத்தக் கொழுப்புப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்தால் ஏறியிருக்கிறதா என்றுதான் பார்ப்போம். இறங்கியிருந்தால் நிம்மதி. சினைப்பைப் புற்றுநோய் வந்த பெண்களின் தாளை அப்படிப் படிக்க முடியாது.

சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தத்தில், இவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ராலும், 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல்.லும் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மாத்திரை இல்லை, பத்தியம் இல்லை, பிறகு எப்படிக் குறைந்தது? செல் பெருகும்போது சவ்வு கட்டக் கொலஸ்ட்ரால் வேண்டும். புற்றுச் செல்கள் அதை ரத்தத்திலிருந்து உறிஞ்சிக்கொள்கின்றன. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டால் சாப்பாடும் இறங்காது. உடலில் அழற்சி இருந்தால் எச்.டி.எல். தானாகவே குறையும். எச்.டி.எல்.லின் முக்கியப் புரதம் அப்போலிப்போபுரோட்டீன் ஏ1. சினைப்பைக் கட்டி புற்றாக இருக்குமா என்று அறுவைக்கு முன் கணிக்க, 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓவா1 ரத்தச் சோதனையில், இந்தப் புற்றுக்கான குறியீடாகப் பார்க்கும் சி.ஏ.125-உடன் இந்தப் புரதத்தையும் அளக்கிறார்கள்.

அதற்காக எச்.டி.எல். 35 என்று பார்த்ததும் பதறிவிடாதீர்கள். சர்க்கரை நோய், பருமன் என்று அதற்குச் சாதாரணக் காரணங்களே ஏராளம். லிப்பிட் பரிசோதனை மட்டும் வைத்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

கொழுப்பு என்றால் இந்தப் புற்றுக்குத் தனி நாட்டம். குடலுக்கு முன்னால் திரை போலத் தொங்கும் கொழுப்பு மடிப்பை ஓமென்டம் என்கிறோம். மஞ்சளாக, மெத்தென்று இருக்க வேண்டிய அது, நோய் பரவியவர்களுக்கு அறுவையின்போது கட்டிதட்டி இறுகிக் கிடக்கும். அங்குள்ள கொழுப்புச் செல்களே புற்றுச் செல்களுக்குக் கொழுப்பு அமிலத்தை ஊட்டுகின்றன என்று 2011-இல் சிகாகோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். சரி, எண்ணெயை நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்குமா? கிடக்காது. கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ளவும் அதற்குத் தெரியும். மெலிந்துபோவது நோயாளிதான், கீமோவைத் தாங்கவும் தெம்பு இருக்காது.

அப்புறம் கதை மாறுகிறது. மாதவிடாய் நிற்காத வயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று சரியும், 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். ஏறும். புற்று அடங்கிய பிறகு இதயத்தைக் கவனிக்க வேண்டிய நேரம் அது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தந்தால் அது இதயத்துக்காகத்தான். புற்றைக் குணமாக்கும் என்று நம்பி யாரும் தாங்களாக விழுங்க வேண்டாம். கீமோவுக்கு முன் போடும் ஸ்டீராய்டு, ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடைக் கொஞ்சம் உயர்த்தக்கூடும். ஆகவே ரத்தம் கொடுக்கும் நாளில், அறுவை எப்போது நடந்தது, கடைசி கீமோ எப்போது ஏறியது என்ற இரண்டு தேதிகளையும் அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள்; அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு எண்களோடு அவையும் வேண்டும்.