உலக்கை தானாக விழ வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். ராக்கெட் பற்றிப் பேசப் போகிறேன் என்று போனில் சொன்னபோது, வானொலி நிலைய நண்பர் "ஸ்ரீஹரிகோட்டாவா சார்?" என்று கேட்டார். அதனால் இன்று முழுக்க மட்டை என்றே சொல்லிவிடுகிறேன். டென்னிஸ் மட்டை. ஆடத் தொடங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகிவிட்டது, பந்தை வலைக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து தடவை விடாமல் தள்ள வருகிறது, இனி நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று ஒருவர் கடைக்குப் போகிறார் இல்லையா, அவருக்காகத்தான் பேசுகிறேன். அப்படி ஆசைப்பட்டு வாங்கின மட்டைதான் என் முழங்கையைக் கெடுத்தது.

நம் வேலூரை நீரில்லா ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்றெல்லாம் சொல்வார்கள். வெயில் இல்லாத ஊர் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. ஆகவே காலை ஆறு மணிக்கே ஆட்டம். ஏழரைக்கு வீடு, எட்டு மணிக்குக் காபி. ஒருநாள் அந்தக் காபி டம்ளரை என்னால் தூக்க முடியவில்லை. அரை டம்ளர் காபி, நேயர்களே! முழங்கையின் வெளிப்பக்கம் எலும்பு முண்டாக இருக்கிறதே, அந்த இடத்தில் ஊசி குத்துகிற மாதிரி வலி. ஈரத் துண்டைப் பிழிந்தால் வலி, பூட்டைத் திறந்தால் வலி. டாக்டரிடம் போனால், "டென்னிஸ் எல்போ, ஆனால் டென்னிஸ் ஆடுகிறவர் வருவது அபூர்வம், துணி பிழிகிற அம்மாக்களும் தச்சு வேலைக்காரர்களும்தான் அதிகம்" என்றார். மணிக்கட்டை நிமிர்த்துகிற தசைகள் எலும்போடு ஒட்டுகிற இடம் அது. ஓய்வும் பயிற்சியும் சொல்லி அனுப்பினார். மாதக்கணக்கில் ஆனது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன், மன்னிக்கவும். ஆட்டம் நின்ற அந்தச் சமயத்தில் குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பரணைச் சுத்தம் செய்யும்போது மாமாவின் பழைய மர மட்டை அகப்பட்டது. வளையாமல் இருக்க நாலு மூலையிலும் திருகு வைத்த மரச்சட்டத்துக்குள் மாட்டி வைத்திருந்தார். பந்தை அடிக்கிற தலைப்பகுதி சின்னது, 65 சதுர அங்குலம்தான் இருக்கும். எடையோ 400 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. வலி தணிந்தபின் விளையாட்டாக அதை எடுத்துப் போய் அரை மணி நேரம் மெதுவாக ஆடினேன். பாதிப் பந்து எங்கெங்கோ போயிற்று. ஆனால் கை வலிக்கவில்லை. மறுநாளும் வலிக்கவில்லை.

என் புது மட்டையோ 260 கிராம். "லேசா இருக்கு சார், கைக்கு நல்லது" என்று விற்றார்கள். இரண்டையும் அம்மாவிடம் கொடுத்தேன். புதியதைக் கையில் வாங்கி, "இன்னாடா இது, முறம் மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் அவரே, "லேசான உலக்கையில இடிச்சுப் பாரு, கைதான் இடிக்கணும். கனமான உலக்கைன்னா அதுவே விழும். நாம தூக்கிவிட்டா போதும்" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. வருகிற பந்து 57, 58 கிராம். மட்டையைத் தொட்டு விலகுவதற்கு ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் மட்டைக்குக் கனம் இருந்தால் மட்டை பந்தைத் தள்ளும். கனம் இல்லாவிட்டால் பந்து மட்டையைத் தள்ளும். அதைத் தாங்க நாம் இன்னும் இறுக்கிப் பிடிப்போம், இன்னும் வேகமாக வீசுவோம். அடி முழுக்க முன்கைக்கு. திரும்பவும் சொல்கிறேன், லேசான மட்டை கைக்கு நல்லது என்பது கடையில் கையில் பிடித்துப் பார்க்கும்வரைதான்.

அப்படியானால் சச்சின் டெண்டுல்கர் பிடித்ததே கனமான பேட், அவருக்கு ஏன் 2004-இல் இதே டென்னிஸ் எல்போ வந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அளவு மீறினால் கனமும் கெடுதல்தான். கை சோர்ந்து, மட்டை பந்துக்குப் பின்னால் வந்து சேரும். ஒரு மணி நேரம் ஆடியபின்னும் நேரத்தோடு வீச முடிகிற கனம் எதுவோ அதுதான் உங்கள் கனம். நடுத்தர ஆட்டக்காரருக்கு, தலையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுகிற நரம்பு கட்டாமல் 290 முதல் 305 கிராம் என்பேன். தலை 100 சதுர அங்குலம் இருக்கட்டும், நடுவில் படாத பந்துக்கும் மட்டை அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. கனம் பிடிப் பக்கம் சாய்ந்திருக்கட்டும். பிடிக்குத் தோல் சுற்றினாலே 10 கிராம் அளவுக்கு அங்கே கூடும். ஆம்பூரையும் ராணிப்பேட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரெக்ஸின் மாதிரி ஒன்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம், அது என் தனிப்பட்ட வருத்தம்.

அப்புறம் விறைப்பு. ஆர்.ஏ. என்று ஒரு எண் சொல்வார்கள். 70-ஐத் தொட்டால் விறைத்த மட்டை, அதிர்ச்சியைக் கைக்கு அப்படியே அனுப்பும். 65-க்குக் கீழே பாருங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், மாடலின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினால் கிடைத்துவிடும்.

இனி என் பைத்தியம். கட்டிங். வேறு எதையும் நினைத்துவிடாதீர்கள், மட்டைக்கு நரம்பு கட்டுவதைத்தான் ஆடுகளத்தில் கட்டிங் என்போம். வீட்டில் ஒரு சின்ன மெஷின் வைத்து நண்பர்களுக்குக் கட்டித் தருகிறேன். வருகிறவர்களெல்லாம் கேட்பது பாலியெஸ்டர். டி.வி.யில் பெரிய ஆட்டக்காரர்கள் அதில் ஆடுகிறார்களாம். ஐயா, அவர்கள் அடிக்கிற அடியில் மற்ற நரம்பு அறுந்துபோகும். வாரம் மூன்று நாள் ஆடுகிற நமக்குப் பாலியெஸ்டர் அறுந்தே போகாது. அறாமலே சில வாரங்களில் துள்ளல் போய்ச் செத்துப்போகும், நாம் ஆறு மாதம் அதிலேயே ஆடிக்கொண்டிருப்போம். கயிற்றுக் கட்டில் இருக்கப் பலகையில் படுத்த கதை. மெல்லிய நூல்கள் பலவற்றைச் சேர்த்துச் செய்த மல்டிஃபிலமென்ட் கேளுங்கள். வசதியிருந்தால் மாட்டுக் குடலில் செய்த அசல் கட். 1875-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் பாபொலா குடும்பம் டென்னிஸ் மட்டைக்குக் குடல் நரம்பைச் செய்யத் தொடங்கியது. இன்றைக்கும் அதைவிட இதமானது வரவில்லை. மழையில் மட்டும் நனைக்கக் கூடாது. மட்டையில் 50 முதல் 60 பவுண்டு என்கிற மாதிரி ஒரு வரம்பு அச்சடித்திருக்கும், கீழ்ப்பக்கம் கட்டச் சொல்லுங்கள். முதல் வாரம் பந்து கொஞ்சம் நீளமாகப் போகும், பழகிவிடும். முழங்கை நோகிறவர் புது மட்டை வாங்குவதற்கு முன்னால் பழைய மட்டையிலேயே நரம்பை மாற்றிப் பார்க்கலாம். குறைந்த செலவில் முடிகிற சோதனை இது. நரம்புக்கிடையில் செருகுகிற அந்த ரப்பர் பொத்தான் சத்தத்தைத்தான் குறைக்கும், கையைக் காப்பாற்றாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பர் இரண்டு விரல் காட்டுகிறார். பிடியின் அளவைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக, மட்டையைப் பிடித்தபின் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் மற்றக் கையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பிடி சின்னது. ஒற்றைக்கை பேக்ஹேண்டில் முழங்கை முன்னால் வருகிற கோளாறு இருக்கிறதே... அதற்கு நேரமில்லை. வாங்குவதற்கு முன் நண்பரின் மட்டையை இரண்டு நாள் இரவல் வாங்கி ஆடுங்கள். மறுநாள் காலை காபி டம்ளரைத் தூக்கிப் பாருங்கள். வணக்கம்.