பழைய கன்சோல் கேம்: பிடித்தது விளையாட்டா, பத்து வயதா?

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிக் கைதட்டலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போன எதிரணித் தலைவர் அவர்களே, ஒரு காலத்தில் கட்டைவிரல் தேயத் தேய பட்டன் அழுத்திய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். டிவியில் இணைத்து ஆடும் பழைய கன்சோல் கேம்கள் இன்றும் நமக்குப் பிடிப்பதற்குக் காரணம் விளையாட்டின் அருமையா, சிறுவயது நினைவா? விளையாட்டின் அருமையே என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஒரே வரியில் எங்களை மடக்கப் பார்த்தார். "நீங்கள் நேசிப்பது மாரியோவை அல்ல, உங்கள் பத்து வயதை" என்றார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். நன்றாகச் சொன்னார் என்பதற்காகத் தட்டினேன், சரியாகச் சொன்னார் என்பதற்காக அல்ல.

கேம் கேசட்டை ஊதிய கதையை எடுத்துவிட்டார். ஆமாம் ஐயா, ஊதினோம். சொருகினால் திரை விட்டு விட்டு மின்னும். வெளியே எடுத்து, அடிப்பக்கம் ஓர் ஊது ஊதி, மறுபடி சொருகினால் படம் வந்துவிடும். உண்மையில் அந்த ஊதல் ஒன்றையும் சரிசெய்யவில்லை. எடுத்துத் திரும்பச் சொருகியபோது பின்கள் ஒழுங்காகப் பொருந்தின, அவ்வளவுதான். வாயின் ஈரம் போய்ப் பின்களை அரித்ததுதான் மிச்சம். ஊதாதீர்கள் என்று கன்சோலைச் செய்த நின்டெண்டோ நிறுவனமே சொல்லியிருக்கிறது. அதைப் போய் இனிமையாக நினைக்கிறோம் என்றால் அது சிறுவயது மயக்கம்தான். இந்தப் புள்ளியை எதிரணிக்கே எழுதிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டையும் அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன். மெட்ராய்டு என்ற கேமில் விட்ட இடத்திலிருந்து தொடர 24 எழுத்துகளை நோட்டில் குறித்து வைக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் அது 'ஓ'வா, பூஜ்யமா என்று தெரியாது. அதற்காகவெல்லாம் ஏங்குகிற ஆள் நான் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி. சிறுவயதுதான் எல்லாவற்றையும் இனிக்க வைக்கிறது என்றால், அந்த வயதில் ஆடிய எல்லா கேமும் இனிக்க வேண்டுமே, ஏன் இனிக்கவில்லை?

என்னிடம் ஒரு கேசட் இருந்தது. பெயர் வேண்டாம். அதில் வருகிற வீரன் குதித்தால் எங்கே போய் இறங்குவான் என்று அவனுக்கே தெரியாது. அதே பத்து வயது, அதே டிவி, அதே விடுமுறை நாள்கள். இன்று நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். சரி, என் கதையை விடுங்கள். ஊரறிந்த கதை ஒன்று இருக்கிறது. 1982இல் அட்டாரி 2600 கன்சோலுக்கு வந்த இ.டி. என்ற கேம். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவர் சுமார் ஐந்தே வாரத்தில் நிரல் எழுதி முடிக்க வேண்டியிருந்தது. ஆடுகிறவர் பள்ளத்தில் விழுவார், தட்டுத்தடுமாறி மேலே வருவார், வந்த வேகத்தில் மறுபடி விழுவார். விற்காமல் தேங்கிய கேசட்டுகளை நியூ மெக்சிகோவில் அலமொகோர்டோ என்ற ஊரின் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். 2014இல் தோண்டி எடுத்தும் காட்டினார்கள். அதை ஆடிய பிள்ளைகளுக்கும் பத்து வயதுதானே ஆகியிருக்கும்? அந்தப் பள்ளத்தில் ஏன் தேன் ஊறவில்லை?

இப்போது மாரியோவுக்கு வருகிறேன். சொல்லக் கேட்டதில்லை இது, கண்ணால் பார்த்தது.

என் அக்கா மகளுக்கு எட்டு வயது. தொடுதிரையில் வளர்ந்த பிள்ளை. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸை அவள் முன்னால் வைத்து, கண்ட்ரோலரைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் வெட்டவெளி. எப்படிப் போவது என்று அவள் கேட்கவே இல்லை. வலது பக்கம் நடந்தாள். எதிரே பழுப்பு நிறத்தில் முறைத்துக்கொண்டு கூம்பா என்ற எதிரி வந்தது. நின்று வேடிக்கை பார்த்தாள், செத்தாள். இரண்டாம் முறை குதித்தாள், அதன் தலையிலேயே இறங்கினாள், அது நசுங்கியது. "ஓ!" என்றாள். மேலே மின்னிய கேள்விக்குறிப் பெட்டியை முட்டினாள், காசு வந்தது. அடுத்த பெட்டியை முட்டினாள், காளான் வந்தது. கூம்பாவும் பார்க்கக் காளான் மாதிரிதான் இருக்கும், அதனால் பயந்துவிட்டாள். அது வலப்பக்கம் ஓடி, கீழே விழுந்து, பச்சைக் குழாயில் மோதி, திரும்பி இவளை நோக்கி வந்தது. தாண்டிவிடலாம் என்று எம்பினாள். தலைக்கு மேலே செங்கல் வரிசை. தலை இடித்து நேராகக் காளான் மேலேயே விழுந்தாள். மாரியோ பெரிதானான்.

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் குழாய் அங்கே இருப்பதும், செங்கல் அந்த உயரத்தில் இருப்பதும் தற்செயல் அல்ல. பயந்து ஓடுகிறவருக்கும் காளான் கிடைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்தது. வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோ இதைப் பின்னாளில் விளக்கியே சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை எழுதிக் காட்டாமல் ஒரு நிமிடத்தில் மொத்த விதியையும் சொல்லிக் கொடுத்துவிடுகிறது அந்த முதல் லெவல். என் அக்கா மகளுக்கு 1985 பற்றி என்ன நினைவு இருக்க முடியும், நடுவர் அவர்களே? அவள் அம்மாவே அப்போது சின்னப் பெண்.

அந்த கேம் முழுவதும் 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒற்றைப் படம் அதைப் போலப் பல மடங்கு. இடம் போதாமல், மேகத்துக்கு வரைந்த அதே படத்துக்குப் பச்சை நிறம் கொடுத்துத் தரையில் புதராக வைத்துவிட்டார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு, போய்த் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இத்தனை வருடம் மேகத்தைத் தாண்டித்தான் குதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்! அதற்கும் முன்னால், 1982இல் டேவிட் கிரேன் செய்த பிட்ஃபால் என்ற கேம் இன்னும் நெருக்கடி. அட்டாரி 2600இன் நினைவகம் 128 பைட். இந்த அவைக்கு நான் வணக்கம் சொன்ன வரியே அதில் அடங்காது. கேசட்டில் 4 கிலோபைட். அதற்குள் 255 திரை கொண்ட ஒரு காடு. ஒவ்வொரு திரையாக வரைந்து சேமிக்க இடமில்லாததால், ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணைப் பிறப்பிக்கும் கணக்கு ஒன்றை எழுதினார். அந்த எண்தான் இங்கே முதலை, இங்கே குழி, இங்கே தொங்கும் கொடி என்று சொல்லும். வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தளை தட்டாமல் எழுதத்தான் சொல் தேடுகிறோம், தேடும்போதுதான் நல்ல சொல் அகப்படுகிறது. கைகால் கட்டியிருந்தபோது செய்த வேலை அது. அதைப் போய் என் பால்ய நினைவின் கணக்கில் வரவு வைத்தால் எப்படி?

அப்புறம் காண்ட்ரா, இருவர் சேர்ந்து சுட்டு ஆடும் கேம். 1988இல் நின்டெண்டோ கன்சோலுக்கு வந்தது. நானும் அண்ணனும். மூன்றே லைஃப், ஒரு குண்டு பட்டால் ஒரு லைஃப் காலி. மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ என்று அழுத்தினால் 30 லைஃப். கொனாமி என்ற கேம் நிறுவனத்தில் இருந்த கசுஹிசா ஹஷிமோட்டோ, 1986இல் கிராடியஸ் என்ற கேமை கன்சோலுக்குக் கொண்டுவரும்போது, சோதித்துப் பார்க்கக்கூடத் தன்னால் ஆட முடியவில்லை என்று வைத்த குறுக்குவழி அது. செய்தவருக்கே அந்த நிலை என்றால் நாங்கள் எம்மாத்திரம்!

மூன்றாவது லெவல் அருவி. பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். திரை மேலே மட்டும்தான் நகரும், இறங்காது. ஒருவர் வேகமாக ஏறினால் திரை அவரோடு போய்விடும், கீழே நிற்கிறவர் திரைக்கு அடியில் விழுந்து சாவார். அண்ணன் எப்போதும் வேகமாக ஏறுவார். நான் எப்போதும் செத்தேன். "நில்லுண்ணே, நில்லுண்ணே!" என்று நான் கத்துவதற்குள் முடிந்துவிடும். நான் லைஃப் எல்லாம் தீர்ந்து வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க, அவர் தனியாக, லெவல் முடிவில் வரும் பெரிய எதிரியான பாஸைச் சுட்டுக்கொண்டிருப்பார்.

இது அண்ணன் பாசம், கேம் அல்ல என்பார் எதிரணித் தலைவர். அண்ணனோடு நான் எத்தனையோ செய்திருக்கிறேன். சேர்ந்து எழுதிய வீட்டுப்பாடம் ஒன்றுகூட நினைவில் இல்லை. அருவி இருக்கிறது. ஏனென்றால் ஒருவருக்காக ஒருவர் நின்றால்தான் பிழைக்க முடியும் என்று விதி போட்டது அந்த கேம். அண்ணனின் குணம் வெளியே வந்ததே அந்த விதியால்தான். அந்த அருவியில் செத்தால் யாரைக் குறை சொல்வது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தச் சாக்கும் அங்கே செல்லாது. கூடம் நேராகத்தான் இருந்தது. தப்பு என்னுடையது, கொஞ்சம் அண்ணனுடையது.

சரி, பத்து வயதையே விட்டுவிடுவோம். 1998இல் மெட்டல் கியர் சாலிட் வந்தபோது நான் மீசை வைத்த ஆள். அதில் சைக்கோ மேன்டிஸ் என்று ஒருவன் வருவான், மனதைப் படிக்கிறவன். நம் மெமரி கார்டைப் படித்து, நாம் வேறு என்ன கேம் சேமித்து வைத்திருக்கிறோம் என்று சொல்வான். கண்ட்ரோலரைத் தரையில் வை, மனோசக்தியால் நகர்த்துகிறேன் என்பான். வைத்தால், அது அதிர்ந்து தானாகவே நகரும். சண்டை தொடங்கினால் ஒரு குண்டும் அவன் மேல் படாது, நாம் அழுத்துவதற்கு முன்னாலேயே விலகிவிடுவான். அவனை வெல்ல வழி, எழுந்து போய்க் கண்ட்ரோலரை இரண்டாம் துளையில் மாற்றிச் சொருகுவது! அந்த இரவு நான் டிவிக்கு முன்னால் எழுந்து நின்று சிரித்தேன். அதில் எந்தக் குழந்தைப் பருவம் இருக்கிறது?

கடைசியாக ஒன்று. 1989இல் நின்டெண்டோ கன்சோலுக்கு வந்த டெட்ரிஸ், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் கேம். 29ஆம் லெவலிலிருந்து கட்டைகள் விழும் வேகத்துக்கு விரல் ஈடுகொடுக்காது, அதோடு முடிந்தது என்றே பல காலம் நம்பினோம். 2023 டிசம்பரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157ஆம் லெவல் வரை போனான். அவன் தோற்கவில்லை, கேம்தான் தாங்க முடியாமல் உறைந்து நின்றது. "அவனும் சிறுவன்தானே" என்று எதிரணியில் ஒரு குரல் கேட்கிறது. சிறுவன்தான். ஆனால் இன்றைக்குப் பளபளக்கும் அத்தனை கேமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, தான் பிறப்பதற்கு 20 வருடம் முன்னால் வந்த கட்டைகளை அவன் தேடிப் போனானே, எந்த நினைவு அவனைக் கூட்டிப் போனது?

நடுவர் மணியின் மேல் கை வைத்துவிட்டார். மாரியோவில் நேரம் 100க்குக் கீழே இறங்கினால் இசை வேகமெடுக்கும். எனக்கும் இப்போது அப்படித்தான் கேட்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள், நடுவர் அவர்களே. கூட்டம் முடிந்ததும் ஒரு டிவி, ஒரு கன்சோல், இரண்டு கண்ட்ரோலர். ஒன்று எதிரணித் தலைவருக்கு, ஒன்று எனக்கு. பத்து வயது நினைவு இருந்தால் போதும் என்கிறாரே, வரட்டும். காண்ட்ரா, மூன்றாவது லெவல். அருவியில் நான் முன்னால் ஏறுகிறேன்.