காலிஃபிளவரும் ஓர் இட்லித் துணியும்

நேயர்களுக்கு வணக்கம். என் கணவருக்குச் சர்க்கரை வந்து மூன்று வருடம் ஆகிறது. உருளைக்கிழங்கை நிறுத்தச் சொல்லவில்லை மருத்துவர், குறைத்துக்கொள்ளத்தான் சொன்னார். ஆனால் உருளைக்கிழங்கைக் குறைத்துச் சாப்பிடத் தெரிந்த ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. இவருக்குப் பிடித்ததோ மாஷ்டு பொட்டேட்டோ. ஹோட்டலில் வறுத்த கோழிக்குப் பக்கத்தில் வைப்பார்களே, வெண்ணெயும் பாலும் விட்டு மைய மசித்தது, அதுதான்.

“காலிஃபிளவரில் செய்து பாரும்மா” என்றாள் மகள். செய்தேன். உருளைக்கிழங்குக்குப் பழகின கை, குக்கரில் தண்ணீர் விட்டு மூன்று விசில் வைத்துவிட்டது. வடித்து, மசித்து, தட்டில் வைத்தால் சுற்றிலும் குளம் கட்டி நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, குடிக்க ஒரு டம்ளர் கேட்டார்.

உருளைக்கிழங்கில் மாவு இருக்கிறது, பால் விட்டாலும் இழுத்துக்கொண்டு கெட்டிப்படும். காலிஃபிளவரில் 100-க்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர். அவித்த உருளைக்கிழங்கு 100 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 20 கிராம் என்றால், இதில் 4 அல்லது 5 கிராம்தான். நமக்கு லாபமும் அந்தத் தண்ணீர்தான், தொல்லையும் அதுதான்.

அதனால் இதை வேக வைக்கத் தண்ணீரில் போடாதீர்கள். பூவைப் பிரித்து, உப்பும் மஞ்சளும் போட்ட வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்தால் புழு இருந்தால் வெளியே வந்துவிடும். தண்டையும் எறிய வேண்டாம், தோலைச் சீவிவிட்டு நறுக்கிச் சேருங்கள். நாலு பல் பூண்டோடு இட்லிப் பானையில் ஆவியில் வையுங்கள். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் ஆகும். நீரில் கரைகிற வைட்டமின் சி-யும் ஆவியில் அவ்வளவாக வீணாகாது.

வெந்ததும் ஒரு தட்டில் பரப்பி ஆவி போக விடுங்கள். அப்புறம் சுத்தமான இட்லித் துணியில் மூட்டையாகக் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். ஆவியில்தானே வெந்தது, என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நடுத்தரப் பூவுக்கே அரை டம்ளர் வந்தது! அதைக் கொட்டாதீர்கள், ரசத்தில் விடலாம்.

பிழிந்ததை மிக்ஸியில் போட்டு ஒரு ஸ்பூன் வெண்ணெய், உப்பு, மிளகுத்தூள் சேர்த்து அரைத்தால் வேலை முடிந்தது. பால் வேண்டாம். உருளைக்கிழங்கை இப்படி மிக்ஸியில் அரைத்தால் மாவெல்லாம் வெளிவந்து பசையாகிவிடும், சுவரொட்டி ஒட்டலாம். காலிஃபிளவருக்கு அந்தப் பயம் இல்லை, எவ்வளவு அரைத்தாலும் வெண்ணெய் மாதிரிதான் ஆகும்.

நம்மிடம்தான் சேனைக்கிழங்கு மசியல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ருசியில் அதற்கு ஈடில்லை. ஆனால் சேனையும் கிழங்குதானே, அதிலும் மாவு உண்டு. முதல் தடவை செய்கிறவர்கள் முக்கால் பங்கு காலிஃபிளவரோடு கால் பங்கு உருளைக்கிழங்கைத் தனியாக வேக வைத்து, கையால் மசித்துச் சேருங்கள். நாக்கு மெதுவாகப் பழகும். சப்பாத்திக்கு என்றால் கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டலாம். வாயுத் தொல்லை உள்ளவர்கள் மட்டும் இரவில் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். வெண்ணெயை அள்ளிப் போட்டுவிட்டு உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இது உருளைக்கிழங்கு மாதிரியே இருக்கிறது என்று என் கணவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. இருக்காதுதான். ஆனால் துணியை முறுக்கிப் பிழிகிற வேலை இப்போது அவருடையது. என் மணிக்கட்டுக்கு அவ்வளவு வலு இல்லை. வணக்கம்.