லண்டனில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ், இந்தக் கிராமத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று: ஏன்?

வணக்கம் நண்பர்களே. காற்று இரைச்சல் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மலைச் சரிவில் நிற்கிறேன். மைக்குக்கு உறை போட்டும் காற்று உள்ளே புகுந்துவிடுகிறது.

இடம், இங்கிலாந்தில் டெர்பிஷயர். கிராமத்தின் பெயர் வேண்டாம். ஒரு நிறுவனத்தைத் திட்டுவதற்காக நான் இந்த வீடியோவை எடுக்கவில்லை. சொல்ல வந்தது அதைவிடப் பெரிய விஷயம்.

கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். இதுதான் எங்கள் பஸ் நிறுத்தம். ஒரு கம்பம், ஒரு பலகை, ஒரு சட்டத்துக்குள் நேர அட்டவணைத் தாள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி மை கலைந்திருக்கிறது. படிக்க முடிந்ததைப் படிக்கிறேன். காலை 7.05, 9.10, 11.10, 1.10, 3.10, 5.10. அவ்வளவுதான். 5.10-ஐ விட்டால் மறுநாள் காலைதான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், பஸ் கிடையாது. நிழற்குடையும் இல்லை. உட்கார வேண்டுமென்றால் இந்தக் கல் சுவர்தான், அதுவும் ஈரம். இப்போது மணி 3.22. 3.10 பஸ் இன்னும் வரவில்லை.

என் பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாங்கள் இங்கே வருவதற்கு முன் லண்டனில் மேனர் பார்க்கில் ஐந்து வருஷம் இருந்தோம். முருகன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. ரோம்ஃபோர்டு ரோடில் 25-ஆம் எண் பஸ் ராத்திரி முழுக்க ஓடும். அந்த ஐந்து வருஷத்தில் பஸ் எத்தனை மணிக்கு என்று நான் ஒருநாள்கூட அட்டவணை பார்த்ததில்லை. வீட்டை விட்டு இறங்குவேன், ரோட்டுக்கு வருவேன், பஸ் வரும். கார்டைத் தட்டினால் 1.75 பவுண்டு. அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் வேறு காசு கிடையாது. அப்படி வாழ்ந்தபோது அது ஒரு வசதி என்றே தோன்றவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது மாதிரிதான் இருந்தது.

அப்புறம் என் மனைவிக்கு இந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது, வந்துவிட்டோம். முதல் குளிர்காலத்தில், டவுனிலிருந்து கிராமத்துக்குக் கடைசி பஸ் மாலை 6.40. ஷிஃப்ட் முடித்து ஓடிவந்து 6.30-க்கே நிறுத்தத்தில் நின்றிருக்கிறாள். 6.40 ஆயிற்று, 7 ஆயிற்று, பஸ் வரவில்லை. செயலியில் மட்டும் 'வந்துகொண்டிருக்கிறது' என்றே காட்டியது. ஏழரைக்கு எனக்கு போன் செய்தாள். விரல் விறைத்துப்போய் போனை ஒழுங்காக அழுத்தக்கூட முடியவில்லை என்றாள். கடைசியில் டாக்சி பிடித்து வந்தாள், 24 பவுண்டு. பஸ் ரத்தானதை மறுநாள்தான் தெரிந்துகொண்டோம். நான்கு மாதத்தில் இப்படி மூன்று முறை. அதற்குமேல் பொறுக்க முடியாமல் ஒரு பழைய கார் வாங்கினோம்.

எங்களால் வாங்க முடிந்தது. எதிர்வீட்டுப் பாட்டிக்கு 78 வயது, கண்பார்வை குறைந்ததால் ஓட்டுவதை விட்டுவிட்டார். இந்த ஊர்ப்பக்கம் யாரையும் 'டக்' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள், நம் ஊரில் 'கண்ணு' என்பது போல. அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அவரிடம் முதியோருக்கான இலவச பஸ் பாஸ் இருக்கிறது. ஆனால் நாட்டுச் சட்டப்படி அந்தப் பாஸ் வார நாட்களில் காலை 9.30-க்குப் பிறகுதான் செல்லும். எங்கள் பஸ் 9.10-க்கு. அடுத்தது 11.10. பத்தரைக்குக் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் என்ன செய்வார்? 9.10-இல் ஏறி முழுக் கட்டணமும் கொடுப்பார். 'இருபது நிமிஷத்தால் என் பாஸ் வெறும் அட்டை ஆகிவிடுகிறது, டக்' என்று என்னிடம் சொன்னார். டிரைவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். 'ரொம்பச் சீக்கிரம் வந்துவிட்டேனா' என்பதற்கு இங்கிலீஷில் 'ஆம் ஐ டூ எர்லி' என்பார்கள் அல்லவா? அதைக் கேட்டுக் கேட்டே டிரைவர்கள் இந்தப் பெரியவர்களுக்கு 'ட்விர்லி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாடு முழுக்கப் புழங்குகிற சொல் அது. ஒரு சொல்லே பிறக்கிற அளவுக்கு எத்தனை பெரியவர்கள் அந்த வாசலில் நின்று கேட்டிருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

சரி, ஏன் இப்படி? கிராமம் என்றால் அப்படித்தான் என்று பலர் கமெண்டில் எழுதுகிறீர்கள். கிராமத்துக்கு லண்டன் அளவு பஸ் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் லீட்ஸ் கிராமம் இல்லை. இந்த நாட்டின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. அங்கே 1959-இல் டிராமை நிறுத்தினார்கள். திரும்பக் கொண்டுவரப் போட்ட சூப்பர்டிராம் திட்டத்தை 2005-இல் அரசு ரத்து செய்தது. அதற்குப் பதிலாக வந்த டிராலிபஸ் திட்டமும், அதாவது மேலே போகும் மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பஸ், 2016-இல் போனது. மெட்ரோவோ டிராமோ இல்லாத நகரங்களில் மேற்கு ஐரோப்பாவிலேயே பெரியது என்று லீட்ஸைத்தான் சொல்வார்கள். அதனால் ஊர் சிறியது, பெரியது என்பதோடு இது முடிந்துவிடவில்லை.

காரணம் ஒரு சட்டத்தில் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு போக்குவரத்துச் சட்டம், பிரதமர் மார்கரெட் தாட்சர் ஆட்சியில் வந்தது. நடைமுறைக்கு வந்த நாள் 1986 அக்டோபர் 26. அந்த நாளிலிருந்து லண்டனுக்கு வெளியே, உரிமம் உள்ள எந்த நிறுவனமும் தான் விரும்பிய வழித்தடத்தைப் பதிவு செய்து, தானே நேரமும் கட்டணமும் குறித்து பஸ் ஓட்டலாம். லாபம் இல்லையென்றால் சில வாரம் முன்னறிவிப்புக் கொடுத்து நிறுத்தியும் விடலாம். யாரும் ஓட்ட முன்வராத வழித்தடத்துக்கு, உள்ளூர் கவுன்சில் தன் பணத்தைக் கொடுத்து டெண்டர் விட்டால்தான் பஸ் உண்டு. 2010-க்குப் பிறகு கவுன்சில்களின் கையில் அந்தப் பணமும் வற்றிப்போனது. எங்கள் ஊரில் ராத்திரி பஸ்ஸும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் அப்படித்தான் போயின என்று பாட்டி சொல்கிறார்.

அந்தச் சட்டம் லண்டனைத் தொடவில்லை. பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் எண்ணியிருந்தார்கள், கடைசிவரை சேர்க்கவில்லை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள், நம் ஆட்களில் நிறைய பேர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். லண்டன் பஸ்ஸை அரசே ஓட்டுகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தச் சிவப்பு பஸ்களை ஓட்டுவதும் தனியார் நிறுவனங்கள்தான். வழித்தடம் எது, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, டிக்கெட் என்ன விலை, இதையெல்லாம் லண்டன் போக்குவரத்து ஆணையம் முடிவு செய்கிறது. டிக்கெட் காசு ஆணையத்துக்குப் போகிறது. நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி ஓட்டுகிற கூலி. ஆக, இங்கேயும் அங்கேயும் ஓட்டுவது தனியார். முடிவெடுப்பது யார் என்பதுதான் வேறு.

அதன் பலனைப் பாருங்கள். எண்பதுகளின் நடுவிலிருந்து முப்பது வருஷத்தில் லண்டனில் பஸ் பயணங்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆயின. மான்செஸ்டர், லிவர்பூல், பர்மிங்ஹாம், லீட்ஸ் மாதிரி பெரிய நகரப் பகுதிகளில் அதே காலத்தில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் பஸ் பிடிக்காமல் போய்விட்டதா என்ன?

இதை நானே பட்டு உணர்ந்த ஒரு நாள் உண்டு. வட இங்கிலாந்தில் ஒரு டவுனுக்கு நண்பரைப் பார்க்கப் போனேன். காலையில் ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தேன். மாலையில் அதே ரோட்டில், அதே நிறுத்தத்தில் நின்றேன். பஸ் வந்தது, டிக்கெட்டை நீட்டினேன். டிரைவர் பார்த்துவிட்டு, 'இது அவர்கள் டிக்கெட், எங்களுடையது இல்லை' என்றார். ஒரே ரோடு, ஒரே எண், இரண்டு நிறுவனம். எனக்கு முன்னால் ஏறிய ஒரு பெண் கைக்குழந்தையோடு திரும்ப இறங்கினாள். அவளிடமும் அதே டிக்கெட். அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்றோம். குழந்தைக்குப் பசி வந்து அழ ஆரம்பித்துவிட்டது.

இப்போது மான்செஸ்டருக்கு வருகிறேன். இந்த வீடியோவில் நான் சந்தோஷமாகச் சொல்ல இருப்பது இதுதான். மேயர்களுக்கு பஸ்ஸைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுக்கும் அதிகாரம் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிடைத்தது. மான்செஸ்டரும் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்ததுதான் கிரேட்டர் மான்செஸ்டர். அதன் மேயர் ஆண்டி பர்னம் அதைக் கையில் எடுத்தார். இரண்டு பெரிய பஸ் நிறுவனங்கள் வழக்குப் போட்டன, 2022-இல் தோற்றன. 2023 செப்டம்பர் 24 அன்று போல்ட்டன், விகன் பகுதிகளில் முதல் மஞ்சள் பஸ்கள் கிளம்பின. பெயர் பீ நெட்வொர்க். தேனீ அந்த ஊரின் சின்னம். 2025 ஜனவரி 5-க்குள் பத்து மாவட்டங்களிலும் எல்லா பஸ்ஸும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. 2025 மார்ச்சிலிருந்து பஸ்ஸுக்கும் டிராமுக்கும் ஒரே கார்டைத் தட்டலாம். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்காது என்று உச்சவரம்பும் உண்டு. லண்டனில் பஸ்ஸில் கார்டு தட்டுவது 2012-லேயே வந்துவிட்டது. பஸ்ஸுக்கும் டிராமுக்கும் ஒரே கார்டு என்பதற்கு மான்செஸ்டர்க்காரர் 2025 வரை காத்திருந்தார்.

போன மாதம் போல்ட்டனில் ஒரு மஞ்சள் பஸ்ஸில் ஏறினேன். அடுத்த நிறுத்தத்தின் பெயரைக் குரலில் சொன்னது, திரையிலும் காட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒவ்வொரு பெயர் வரும்போதும் தலையாட்டிக்கொண்டே வந்தார். அதைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேயர்தான் வேண்டும் என்றும் இல்லை. எங்களுக்குப் பக்கத்து நாட்டிங்ஹாமைப் பாருங்கள். 1985 சட்டத்துக்குப் பிறகு பல நகரங்கள் தங்கள் பஸ் நிறுவனங்களை விற்றன. நாட்டிங்ஹாம் விற்கவில்லை, எடின்பரோ விற்கவில்லை, ரெடிங் விற்கவில்லை. நாட்டிங்ஹாம் கவுன்சில் 2012-இல் இன்னொன்றும் செய்தது. ஊழியர்களுக்குப் பதினொன்றும் அதற்கு மேலும் கார் நிறுத்துமிடம் வைத்திருக்கும் நிறுவனங்களிடம் வரி வசூலித்து, அந்தப் பணத்தை டிராமுக்குக் கொடுத்தது. பஸ்ஸை வேண்டும் என்று பிடித்துவைத்த ஊர்களில் பஸ் இருக்கிறது.

ரயிலைப் பற்றிப் பேசினால் இன்னொரு வீடியோ ஆகிவிடும். ஒன்றே ஒன்று. இந்தக் கிராமத்தில் ஒரு தெருவின் பெயர் ஸ்டேஷன் ரோடு. ஸ்டேஷன் கிடையாது. 1963-இல் ரயில்வே தலைவர் பீச்சிங்கின் அறிக்கை வந்தது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொன்னது. அந்த அலையில் நாடு முழுக்கப் போனவை ஏராளம். இங்கே பீக் டிஸ்ட்ரிக்ட் என்கிற மலைப்பகுதியில் மலையைக் குடைந்து மேட்லாக்கிலிருந்து பக்ஸ்டன் பக்கம் போன பாதையை 1968-இல் மூடினார்கள். இப்போது அதன் ஒரு பகுதி மான்சல் டிரெயில், சைக்கிள் ஓட்டவும் நடக்கவும் அருமையான இடம். நானும் போவேன். ஆனால் ஒவ்வொரு முறை அந்தச் சுரங்கத்துக்குள் நடக்கும்போதும், இதில் ரயில் ஓடியிருந்தால் பாட்டி நேரே டவுனுக்குப் போயிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

என்னை உறுத்துவது இதுதான். கிரேட்டர் மான்செஸ்டர் எல்லை இங்கிருந்து காரில் அரை மணி நேரம்கூட இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்த மேயர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும், பிடிக்காவிட்டால் ஓட்டுப் போட்டு மாற்றலாம். இந்தப் பக்கம் 6.40 ஏன் வரவில்லை என்று என் மனைவி யாரிடம் கேட்பாள்? நிறுவனத்துக்கு எழுதினோம், வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. கவுன்சிலுக்கு எழுதினோம், அது நிறுவனத்தின் முடிவு என்றார்கள்.

2025 அக்டோபரில் ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது. மேயர் இல்லாத ஊர்களும் இனி பஸ்ஸைக் கட்டுப்பாட்டில் எடுப்பது சுலபமாகிறது. கவுன்சில்கள் புதிதாக பஸ் நிறுவனம் தொடங்கக் கூடாது என்று 2017-இல் போட்ட தடையும் நீங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் இருந்து இதைப் பார்ப்பவர்கள், உங்கள் பகுதி கவுன்சிலருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நிறுத்தத்தின் பெயர், நாள், வராத பஸ்ஸின் நேரம், இவ்வளவு போதும். நான் எங்கள் கவுன்சிலருக்கு ஒரு வருஷக் கணக்கை அனுப்பியிருக்கிறேன். பாட்டி தன் கையால் ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்தார், எந்தெந்த 9.10 வரவில்லை என்று. அந்த நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அதோடு சேர்த்தேன்.

ஒரு நிமிடம். அந்த வளைவில் விளக்கு தெரிகிறது. மணி 3.41. ஆமாம், பஸ்தான். இங்கே கையை நீட்டிக் காட்டாவிட்டால் நிற்காமல் போய்விடும், கேமராவை மடக்குகிறேன். டவுனில் பாட்டியின் கண் மருந்து வாங்கிக்கொண்டு, 6.40 வருகிறதா என்று ராத்திரி சொல்கிறேன்.