வாக்குச்சீட்டில் மூணே சொல்: ஒரு டீச்சர் பள்ளிக் குழுத் தேர்தலில் நின்னா?

(திரையில்: ஒரு வாக்குச்சீட்டு. வேட்பாளர் பெயர், அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி.)

கலிபோர்னியாவில பள்ளிக் குழுத் தேர்தல்னா வாக்குச்சீட்டு இப்படித்தான் இருக்கும். கட்சிப் பெயர் கிடையாது, சின்னமும் கிடையாது. வேட்பாளர் பேரு, அதுக்குக் கீழே அவர் என்ன வேலை பார்க்கிறார்ங்கிறது. அந்த வேலையைச் சொல்லச் சட்டம் குடுக்கிறது மூணே மூணு சொல். அதுக்குள்ள "ஆசிரியர்"னு போட முடிஞ்சா அதுவே பாதிப் பிரசாரம்.

அதனால இதுல கெடுபிடி அதிகம். "முன்னாள்"ங்கிற சொல்லை அங்க விடமாட்டாங்க. என்னைக்கோ ரெண்டு வருஷம் பாடம் எடுத்துட்டு வேற தொழிலுக்குப் போனவர் "முன்னாள் ஆசிரியர்"னு போட்டு ஓட்டு வாங்க முடியாது.

(திரையில்: லாஸ் ஏஞ்சலஸ் வரைபடம், ஏழு வண்ணத்தில்.)

அது என்ன பள்ளிக் குழு? அங்க அதை ஸ்கூல் போர்டுன்னு சொல்றாங்க. நமக்கு போர்டுன்னா ஸ்டேட் போர்டு, சிபிஎஸ்இ; பாடத்திட்டம், பரீட்சை. இது அது இல்லை. நம்ம தாத்தா காலத்துல "போர்டு ஹைஸ்கூல்"னு சொல்லுவாங்களே, ஜில்லா போர்டு நடத்தின பள்ளிக்கூடம், அதுக்குத்தான் இது தூரத்துச் சொந்தம். ஒரு பகுதியில இருக்கிற அரசுப் பள்ளிகளை நடத்த, மக்களே ஓட்டுப் போட்டு அனுப்புற குழு.

பட்ஜெட் இவங்க கையில. பள்ளிகளை நிர்வகிக்கிற கண்காணிப்பாளரை வேலைக்கு வைக்கிறதும் தூக்குறதும் இவங்கதான். எந்தப் பள்ளியை மூடலாம், எந்த சார்ட்டர் பள்ளிக்கு அனுமதி தரலாம்ங்கிறதும் இங்கதான் முடிவாகும். சார்ட்டர் பள்ளின்னா அரசுப் பணத்தில, ஆனா தனி நிர்வாகத்தில நடக்கிற பள்ளி. இந்தச் சொல்லைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, சண்டையே இதுல இருந்துதான் வருது.

ஒரு குழு நடத்துற பகுதிக்குப் பேரு பள்ளி மாவட்டம். அமெரிக்கா முழுக்க இப்படிச் சுமார் 13,000 இருக்கு. நிறைய ஊர்கள்ல உறுப்பினருக்குக் கிடைக்கிறது டீ செலவுக்குத்தான் காணும். லாஸ் ஏஞ்சலஸ் கதை வேற. நாட்டிலேயே இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டம் அது. குழுவில தொகுதிக்கு ஒருத்தரா 7 பேர். வேற வேலை பார்க்காத உறுப்பினருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர்னு 2017ல உயர்த்தினாங்க.

அதே 2017ல நடந்த தேர்தலைப் பார்ப்போம். குழுவோட தலைவரா இருந்தவர் ஸ்டீவ் ஜிம்மர். எதிர்த்து நின்னவர் நிக் மெல்வாயின். ஜிம்மர் பல வருஷம் ஹைஸ்கூல்ல பாடம் எடுத்தவர். மெல்வாயினும் வாட்ஸ் பகுதியில ஒரு நடுநிலைப் பள்ளியில ஆசிரியரா இருந்தவர். டீச்சருக்கு டீச்சர் போட்டி! ஜிம்மருக்கு ஆசிரியர் சங்கம் பின்னாடி நின்னுச்சு, மெல்வாயினுக்கு சார்ட்டர் பள்ளி ஆதரவாளர்கள். அந்த வருஷம் இந்தத் தொகுதிக்கும் இன்னொரு தொகுதிக்கும் சேர்த்து ரெண்டு பக்கமும் கொட்டின பணம் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலர். அமெரிக்காவில ஒரு பள்ளிக் குழுத் தேர்தலுக்கு அதுவரைக்கும் யாரும் அவ்வளவு செலவு பண்ணினதில்லை. மெல்வாயின் ஜெயிச்சார்.

"டீச்சருக்கு ஓட்டுப் போட்டா பள்ளிக்கூடம் உருப்படும்"னு வீட்ல உக்காந்து சொல்றது சுலபம். எந்த டீச்சர்? அவர் பின்னாடி யார்? வாக்குச்சீட்டு அதைச் சொல்லாது.

(திரையில்: மழையில் சிவப்புச் சட்டையுடன் ஊர்வலம் போகும் ஆசிரியர்கள்.)

2019 ஜனவரி. லாஸ் ஏஞ்சலஸ்ல 30,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வேலைநிறுத்தம். ஆறு பள்ளி நாள் வகுப்பறைகள் காலி. சம்பளம் மட்டும் இல்லை, ஒரு வகுப்புல எத்தனை பிள்ளைங்கங்கிறதும், பள்ளிக்கு ஒரு நர்ஸ் வேணும்ங்கிறதும் கோரிக்கை.

அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள 5ஆவது தொகுதிக்கு இடைத்தேர்தல். அங்க இருந்த உறுப்பினர் தேர்தல் நிதி வழக்குல குற்றத்தை ஒத்துக்கிட்டு 2018ல பதவி விலகியிருந்தார். களத்துல இறங்கினவர் ஜாக்கி கோல்ட்பர்க், வயசு 74. காம்ப்டன்ல டீச்சரா இருந்தவர். 1983லேயே இதே குழுவுக்கு ஜெயிச்சு வந்து, அப்புறம் நகரசபை, மாநில சட்டமன்றம்னு போயிட்டு, திரும்பப் பழைய நாற்காலிக்கே வந்தார். மார்ச்சில 48 சதவீதம். பாதியைத் தொடலைன்னு மறுசுற்று. மே மாசம் 70 சதவீதத்துக்கு மேல. வேலைநிறுத்தத்துல ஊரே டீச்சர்கள் பக்கம் நின்னதோட பலன் இதுன்னுதான் எனக்குத் தோணுது.

இப்ப முக்கியமான கேள்விக்கு வர்றேன். வேலையில இருக்கிற டீச்சர் நிக்கலாமா?

நம்ம ஊர்ல அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்தல்ல நிக்கணும்னா வேலையை விட்டுட்டுத்தான் நிக்கணும். கலிபோர்னியாவில வேலையில இருந்துக்கிட்டே நிக்கலாம், ஜெயிக்கவும் செய்யலாம். ஆனா வேலை பார்க்கிற மாவட்டத்தோட குழுவுக்கே ஜெயிச்சா, பதவிப் பிரமாணத்துக்கு முன்னாடி ராஜினாமா கடிதம் போயாகணும். பக்கத்து மாவட்டத்துல வேலைன்னா பரவாயில்லை.

காரணம் எளிது. ஆசிரியர் சங்கத்தோட சம்பள ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் குடுக்கிறதே இந்தக் குழுதான். சம்பளம் குடுக்கிற முதலாளியும் வாங்குற தொழிலாளியும் ஒரே ஆளா இருக்க முடியாது. நேத்து வரைக்கும் மேஜைக்கு இந்தப் பக்கம் உக்காந்து "பத்தலை"ன்னு சொன்னவங்க, நாளைக்கு அந்தப் பக்கம் உக்காந்து "பணம் இல்லை"ன்னு சொல்ல வேண்டி வரலாம், அதுவும் தனக்காகப் பிரசாரம் பண்ணின பழைய சகாக்கள்கிட்டயே.

(திரையில்: காலியான வகுப்பறை. மேஜை மேல் ஒரு சாவிக்கொத்து.)

2024ல கோல்ட்பர்க் ஒதுங்கிக்க, அதே 5ஆவது தொகுதியில ஜெயிச்சவர் கார்லா கிரியேகோ. சிறப்புக் கவனம் தேவைப்படுற பிள்ளைங்களுக்கு அந்த மாவட்டத்திலேயே பாடம் எடுத்த டீச்சர். சட்டம் அவரையும் விடலை.

பதவிக்காலம் நாலு வருஷம். அது முடிஞ்சு இப்படி ஒருத்தர் மறுபடி நின்னா, வாக்குச்சீட்டுல பேருக்குக் கீழே என்ன இருக்கும்? தொழில்னு போடுறது இப்பப் பார்க்கிற வேலையா இருக்கணும், இல்லைன்னா முந்தின வருஷம் பார்த்ததா இருக்கணும். "பள்ளிக் குழு உறுப்பினர்"னு போட்டுக்கலாம். முதல் தடவை ஓட்டு வாங்கிக் குடுத்த "ஆசிரியர்"ங்கிற சொல், பதவி ஏத்த அன்னைக்கே கையை விட்டுப் போயிருக்கும்.